எஃபெக்ட் பத்தல

"மெட்டு பிரமாதம் சார். ஆனா எஃபெக்ட் பத்தல," என்றார் மேலாளர்.

கீபோர்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவுக்கு அவர் இசை போட்டுக்கொண்டிருந்தார். புகார் சொல்லக் கூப்பிடுகிறவர்கள் லைனில் காத்திருக்கும்போது ஓடுமே, அந்த இசை.

பதினெட்டு வருஷமாக சினிமாவுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த மெட்டு அது. சினிமா வரவில்லை, வாஷிங் மெஷின்தான் வந்தது. தினம் ஆயிரம் பேராவது கேட்பார்களே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கம்ப்யூட்டர் சிந்தசைசரில் குழல் ஓசையில் வாசித்துக் கொடுத்துவிட்டார்.

"ஒரு நாள் லைன்ல போட்டே பார்த்துட்டோம். எஃபெக்ட்டே இல்ல சார்."

எஃபெக்ட்தானே? திரையில் அதற்கென்றே ஒரு வரிசைக் குமிழ்கள் இருந்தன. எதிரொலிக் குமிழை மவுஸால் பிடித்துப் பாதிவரை திருகினார். குழல் கிணற்றுக்குள் இறங்கியது.

மறுநாள் மேலாளர், "பரவாயில்ல. இன்னும் வேணும்," என்றார்.

அடுத்தது மாடுலேஷன். நேராகப் போகிற ஸ்வரத்தை நடுங்க வைக்கிற குமிழ். இம்மியளவு திருகினால் உருக்கம். அதற்கு மேல் போனால் குளிர்ஜுரம். மேலாளருக்காக ஜுரத்தையே வைத்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, அதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எஃபெக்ட்டாம்."

"முதல்ல வாசிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இப்பவும் கலங்குது. காரணம்தான் வேற."

மூன்றாம் நாள், "நல்ல முன்னேற்றம் சார்! இன்னும் கொஞ்சம் அழுத்துங்க," என்றார் மேலாளர்.

கீபோர்டுக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோரஸைத் தட்டினார், ஒரு குழல் ஐந்தாகி, ஐந்தும் ஐந்து சுருதியில் சண்டை போட்டன. டிலேயைக் கூட்டினார், ஒவ்வொரு ஸ்வரமும், கிளம்புகிறேன் கிளம்புகிறேன் என்று வாசலிலேயே நின்று பேசும் விருந்தாளி ஆயிற்று. கடைசியாக மாடுலேஷனைக் கோடிவரை திருகினார். பதினெட்டு வருஷ மெட்டு, தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டாக அலறியது. மனைவி கதவை அறைந்து சாத்தினாள். இரண்டாம் தடவை கேட்க மனம் வராமல், அப்படியே அனுப்பிவைத்தார்.

இரண்டு நாள் கழித்து மேலாளரே கூப்பிட்டார். "இதுதான் சார் எஃபெக்ட்! நேர்ல வாங்க. முதலாளி உங்களைப் பார்த்தே ஆகணுங்கறார்."

முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். வாழ்நாளில் கீபோர்டுக்காரர் கையை யாரும் அப்படிக் குலுக்கியதில்லை. தனக்குத்தான் இத்தனை வருஷமாக சங்கீதமே புரியவில்லையோ என்று அவருக்கு முதல் முறையாகச் சந்தேகம் வந்தது.

திரும்பும் வழியில் புகார்ப் பிரிவு. டெலிபோன் பெண் காலை நீட்டிக்கொண்டு பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. என் மியூசிக் எப்படி இருக்கு?"

அவள் சட்டென்று எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தெய்வம் சார் நீங்க! முதல்ல ஒண்ணு கொடுத்தீங்களே, அதைக் கேட்டுக்கிட்டு அரை மணி நேரமானாலும் ஒருத்தர்கூட போனை வைக்கல. இதைப் போட்டதிலிருந்து ஒரு புகார்கூட எங்ககிட்ட வந்து சேரல!"