தோல் மையத்துத் தண்ணீர்த் தொட்டி

தோல் ஆராய்ச்சி மையத்துக்குத் தோல் உரிந்துகொண்டிருந்தது.

ரத்தினவேல் சுவரில் விரலை வைத்தார். பூச்சு பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

“மேஸ்திரி, இது போன மாசம் பூசினதுதானே?”

“தண்ணி சரியில்ல சார்,” என்றார் மேஸ்திரி திருப்பதி. “போர் தண்ணி நல்லாத்தான் இருக்கு. தொட்டித் தண்ணிய வாயில விட்டுப் பாத்தேன். கட்டுமாவடிக் கடல் மாதிரி கரிக்குது.”

புதுக்கோட்டைக்கு வெளியே முள்ளுக்காட்டைத் திருத்தி எழும்பிக்கொண்டிருந்த கட்டடம் அது. மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவு, மகளிர் கல்லூரியின் உயிரியல் துறை, மாட்டுத் தோல் நோய் பார்க்கும் கால்நடைத் துறை ஆகிய மூன்றுக்கும் பொது. ஊர் கூடித் தேர் இழுத்துவிடலாம். மூன்று துறை கூடி ஒரு ஜன்னல் வைக்க முடியாது. ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் மூன்று பேரிடமும் திட்டு வாங்குவதுதான் ரத்தினவேலின் உத்தியோகம்.

பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஹரிணி. அவர் மகளுக்கு முழங்கையிலும் கழுத்திலும் தோல் செதில் செதிலாக உரியும். தொட்டால் ஒட்டாத நோய்தான். திருக்கோகர்ணம் டவுன் பஸ்ஸுக்கு அது தெரியாது. அவள் உட்கார்ந்தால் பக்கத்து சீட்டு காலியாகிவிடும். பள்ளியில் கடைசி பெஞ்சு அவளுக்கே சொந்தம். கத்திரி வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள்.

மையம் திறந்தால் இந்த நோய்க்கான புது மருந்தை இங்கேயே சோதிக்கப் போகிறார்கள். முதல் ஆளாக ஹரிணியைச் சேர்த்துக்கொள்வதாகத் தோல் பிரிவு டாக்டர் இசைவாணி வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து நிபுணர் குழு வந்து கட்டடத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் கருவிகள் எல்லாம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும்.

அன்று மதியம் ரத்தினவேல், பூமி பூசைக்கு முன்பே கட்டிய அந்தத் தொட்டியருகே காவல் இருந்தார். கட்டடம் முடியும்வரை பக்கத்துத் தகரக் கொட்டகையில்தான் நோயாளிகளைப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஓர் அம்மாள் மெல்ல நழுவி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கல்லுப்பும் மிளகும் எடுத்துத் தலையைச் சுற்றித் தொட்டியில் போட்டுக் கும்பிட்டாள்.

“என்னம்மா பண்றீங்க?”

“மருவுக்கு வேண்டுதலுங்க. உப்பு கரையுற மாதிரி மருவும் கரைஞ்சு போயிரும்.”

“அதெல்லாம் கோயில் கொளத்துல போடுறதும்மா! இது சிமெண்ட் கொழைக்கிற தண்ணி!”

“எல்லாரும் இங்கிட்டுத்தானே போடுறாங்க,” என்றாள் அவள், இவருக்கு விவரம் போதாது என்பதுபோல.

ரத்தினவேல் வாட்ச்மேன் அழகுமலை பக்கம் திரும்பினார். “யாருண்ணே இதை ஆரம்பிச்சு வச்சது?”

“அது எதுக்கு சார் இப்ப?” அழகுமலை பீடியை அணைத்தார். “போட்டது போட்டாச்சு.”

தொட்டியைக் கழுவி, ஒரு போர்டு எழுதி மாட்டினார் ரத்தினவேல்: ‘இத்தொட்டியில் உப்பு, மிளகு போடக் கூடாது.’

அதுவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்த சங்கதி, போர்டு வைத்ததும் நாற்பது ஊருக்குத் தெரிந்துபோனது. மணமேல்குடியிலிருந்து ஒரு வேனே வந்தது.

“தடுத்து எழுதி வைக்கிற அளவுக்குன்னா, எவ்வளவு சக்தி இருக்கணும் பாரு,” என்று ஒருவர் இன்னொருவருக்குப் போர்டைப் படித்துக் காட்டினார்.

அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தவர் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். “வனிதா! கொழம்புல உப்பே இல்ல!”

“தீந்து போச்சுங்க. காலையில வாங்கிருறேன்,” என்றாள் மனைவி.

“ஊரு உப்பெல்லாம் என் தொட்டியில கெடக்கு. என் கொழம்புல மட்டும் இல்ல!”

ஹரிணி சிரித்துவிட்டாள். அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரத்தினவேல் அந்தக் குழம்பையே இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் போர்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வரிசையில் நின்றவர்களிடமே கையெடுத்துக் கும்பிட்டார். “ஆத்தா, அய்யா, ஒங்க நம்பிக்கைய நான் கொறை சொல்லல. உப்பு போட்டா செவுரு நிக்காது. ஒங்க ஆஸ்பத்திரிதானே? தயவு பண்ணி உப்பு மட்டும் வேணாம்.”

கூட்டம் தலையாட்டியது. நல்ல சனங்கள், சொன்னால் கேட்கிறவர்கள். அடுத்த நாளிலிருந்து வெல்லம் கரைத்தார்கள்.

இது தெரியாமல் திருப்பதி முன்பக்கச் சுவர் முழுக்க மறுபடி பூசிவிட்டார். பல நாள் கழிந்தும் பூச்சு இறுகவில்லை. விரல் வைத்தால் குழிந்தது.

“வெல்லம் சேந்தா சிமெண்ட் புடிக்காது சார்,” என்றார் பரிதாபமாக. “உப்பாவது தேவல.”

சாரை சாரையாகக் கட்டெறும்பு வேறு ஏற ஆரம்பித்தது.

ரத்தினவேல் தொட்டிக்குத் தகர மூடி போட்டுப் பூட்டினார். ஒரே வாரத்தில் மூடிக்கு மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் வந்துவிட்டன. சித்தாள்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டிப் பக்கம் போனார்கள். சாவி அழகுமலையின் இடுப்பில் இருந்தது. குளிக்காமல் பூட்டைத் தொட மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டதால், அவர் குளித்து வரும்வரை தினமும் வேலை நின்றது.

அந்த லட்சணத்தில்தான் நிபுணர் குழு வந்து இறங்கியது.

இசைவாணி அவர்களை நிழல் இருந்த பக்கமாகவே நடத்திக்கொண்டு போனார். குழுத் தலைவர் வயதானவர். வெயில் தாங்காமல் ஒரு கையை முன்பக்கச் சுவரில் ஊன்றினார். சுவர் அவரோடு வந்தது. ஆள் தப்பினார். சட்டைக்குள் போன எறும்பு தப்பவிடவில்லை.

உதறி முடித்ததும் அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“சாரி டாக்டர். இந்தக் கட்டடத்துல மிஷின வைக்க நான் கையெழுத்துப் போட முடியாது. வேற மாவட்டத்துல எடம் ரெடியா இருக்கு.”

கார்கள் போயின. இசைவாணி கொட்டகைக்குள் போய், வரிசையில் முதலில் நின்ற நோயாளியைக் கூப்பிட்டார். மூன்று துறைகளும் முதன்முறையாக ஒற்றுமையாகின: தப்பு ரத்தினவேலுடையது.

அவர் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஹரிணியிடம் என்ன சொல்வது? இன்னும் எத்தனை வருஷம் அந்தக் கடைசி பெஞ்சு? அழுகை வந்தது. அழுகையை விட ஆத்திரம் சுலபமாக இருந்ததால், எழுந்து அழகுமலையின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“சொல்லுங்கண்ணே! இன்னைக்கு நீங்க சொல்லியே ஆகணும். எம்பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டது யாரு? இந்தத் தொட்டியில மொதமொதல்ல உப்ப அள்ளிப் போட்டது யாரு? நான் சும்மா விடமாட்டேன்.”

அழகுமலை சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. மூடியில் கிடந்த வாடிய மாலையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

“ஒங்க வீட்டம்மாதான் சார், ‘எம்பொண்ணுக்கு இந்த எடத்துலதான் கொணமாகும்னு அவரே சொல்லிட்டாரு’ன்னு, பூமி பூசை அன்னைக்கு அழுதுக்கிட்டே போட்டாங்க.”