உமா மகேஸ்வரி சர்க்கரை வரிசையில் நின்று பொருத வரலாறு

அன்று அவையில் இருந்தோரும் அவர்தம் இருக்கைகளும் வருமாறு: காற்றாடிக்கு நேர்கீழே, முதல் பெஞ்சில், துபாயிலிருந்து நாற்பது நாள் லீவில் வந்திருந்த இத்ரீஸும் அவன் மனைவி ஜாஹிரா பீவியும், கம்பி ஜன்னலுக்கு அப்பால், வலக்கையில் சிவப்புப் பேனாவும் இடக்கையில் நீளப் பதிவேடும் படைக்கலங்களாக ஏந்திய நர்ஸ் இராமலட்சுமி, சுவரோரம், ஒரு கால் ஆடும் மூன்றாம் பெஞ்சின் ஆடாத முனையில், ஜவுளிக்கடைப் பைக்குள் ஒளித்த பச்சை பைலை மார்போடு அணைத்தபடி, முப்பத்தெட்டு வயதும் மூன்று திங்களும் நிரம்பிய நம் காவியத் தலைவி உமா மகேஸ்வரி.

வாழ்க உமா மகேஸ்வரி! ஆனிச் சாரலில் நனைந்த முந்தானையே வெற்றிக்கொடியாக, தென்காசியின் முதல் டவுன் பஸ்ஸே தேராக, சட்னி கசிந்த இட்லிப் பொட்டலமே கட்டுச்சோறாக, குற்றாலச் சாலையின் அரசுக் கருத்தரிப்பு மையம் என்னும் கோட்டையை இருபத்தாறு திங்களாக முற்றுகையிட்டிருக்கும் வீராங்கனையே, வாழ்க! இலவச சோதனைக்குழாய் சிகிச்சைப் பட்டியலில் இருநூற்றுப் பதினான்காம் எண்ணாக ஏறியவள், அருவி பெருகியும் வறண்டும் மறுபடி பெருகியும் காலம் உருள, எண்ணெண்ணாக முன்னேறி, இன்று மூன்றாம் எண்ணில் நிற்கிறாள். அம்மையத்தின் சட்டமோ இரும்பினும் வலியது: பெயரை மூன்று முறை அழைப்பர், மூன்றாவதற்கும் வராதவர் பட்டியலின் அடியாழத்துக்கு வீழ்வர், நாற்பது கடந்தோருக்குப் பட்டியலே கிடையாது. வீழ்ந்து, மீண்டும் இருபத்தாறு திங்கள் ஏறி வந்தால் தனக்கு நாற்பது கடந்துவிடும் என்பதை, காலண்டர் தாளின் பின்புறம் நான்கு தடவை கணக்குப் போட்டு உமா அறிந்திருந்தாள்.

அவ்வேளையில், கருமேகம் மலையை மறைத்தாற்போல் வாசலை மறைத்துத் தோன்றினாள் எதிர்வீட்டு உலகம்மை. இருவருக்கும் கல்யாணம் ஒரே ஆண்டில். "பிள்ளை இப்போதைக்கு வேண்டாம்னு இருக்கோம்" என்று பதினோராண்டாகத் தெருவுக்கு இருவரும் முழங்கிவந்த பிரகடனமும் ஒன்றே.

"எக்கா! நீங்க இங்கன என்ன செய்யுதிய?"

அவ்வளாகத்தில் தெரிந்த முகத்தைக் கண்டவர் யாவரும் கையிலெடுக்கும் கேடயம் ஒன்று உண்டு. தாழ்வாரத்தின் மறுகோடியில் நீரிழிவுப் பிரிவு இருப்பதால் வந்த கேடயம் அது. உமாவும் அதையே எடுத்தாள்.

"சுகர் பாக்க வந்தேன் ஏட்டி. நீ?"

"எனக்கும் சுகருதாங்க்கா."

"ஓ."

"அப்பம் இங்கன ஏன் உக்காந்திருக்கிய? சுகருக்கு அந்த வரிசைல்லா! வாங்க, சேந்தே நிப்போம்."

மறுத்தால் மானம் போகும். போனால் முறை போகும். இடர்ப்பாடு இவ்விரு கொம்புகளால் முட்டித் தள்ள, வெட்டப்போகும் ஆட்டின் நடையோடு உமா நடந்தாள். உலகம்மையின் நடையும் அப்படியொன்றும் துள்ளலாயில்லை. பதினேழு சர்க்கரை வீரர்கள் ஏப்பம் விட்டபடி அணிவகுத்த அந்த வரிசையின் கடைசியில், சர்க்கரை இல்லாத இருவரும் சேர்ந்தனர். வரிசை அசைந்து அசைந்து மேசையை நெருங்கிய போதுதான், மைக் தேவைப்படாத குரல் படைத்த இராமலட்சுமி முரசறைந்தாள்.

"உமா மகேஸ்வரி! கணவர் குற்றாலிங்கம்!"

"எக்கா, ஒங்க பேருல்லா கேக்கு?"

"ஊருக்குள்ள எத்தன உமா இருக்கா."

"அண்ணன் பேரையும் சொல்லுதாவளே?"

"குற்றாலத்துக்குப் பக்கத்துல குற்றாலிங்கத்துக்கா பஞ்சம்? நீ முன்னால நகரு."

எய்த அம்பு எய்தவள் மேலேயே திரும்ப அதிக நேரமாகவில்லை.

"உலகம்மை! கணவர் மணிமுத்து!"

"ஏட்டி, இது ஒன் பேரு."

"அது வேற மணிமுத்துக்கா," என்றாள் உலகம்மை, சுவரைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாம் அழைப்பும் வந்தது. துதிக்கை பின்னிய இரு களிறுகள் ஒன்றையொன்று விட மாட்டாமலும் வெல்ல மாட்டாமலும் நிற்பதுபோல் நின்றனர் இருவரும். முழங்கால் ஓடு ஓடு என்றது. முகம் நில் நில் என்றது. மூன்றாம் அழைப்பு எழுந்த கணத்தில், பதினோராண்டு மானத்தை உதறியெறிந்து உமா பாய முனைந்தாள். ஐயகோ! அவள் விரலோ அப்போது லேப்காரரின் பிடியில் இருந்தது.

"அசையாதீங்கம்மா. அசைஞ்சா மறுபடி குத்தணும்."

குத்து வாங்கிய விரலைப் பஞ்சோடு உயர்த்திப் பிடித்துத் தாழ்வாரம் அதிர ஓடினாள் உமா. பின்னாலேயே இன்னொரு பஞ்சு ஓடிவந்தது. ஜன்னலை அடைகையில், இரு பெயர்களின் மேலும் சிவப்புக் கோடு ஈரமாக மின்னியது.

"ரெண்டு பேரும் எங்க போனிய? தொண்ட கிழிய மூணு தரம் கூப்பிட்டாச்சு."

"சுகருக்கு," என்றனர் இருவரும், ஒருவரையொருவர் பாராமல்.

காற்றாடிக்குக் கீழே ஜாஹிரா பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்களும் போன மாசம் மச்சானப் பாத்து சுகருன்னுதான் சொன்னோம். நல்லவேளை, அவுக அந்த வரிசைக்குக் கூட்டிட்டுப் போவல."

இராமலட்சுமியின் சிவப்புப் பேனா சற்றே தாழ்ந்தது. "கோடு போட்டா நான் அழிக்க முடியாதும்மா. காரணம் எழுதி, மேலிடத்துக்கு ரிஜிஸ்தர் தபால்ல அனுப்புங்க. ஏத்துக்கிட்டா பழைய நம்பரே கிடைக்கும்."

லேப்காரரிடம் இருவரும் சர்க்கரைச் சீட்டை வாங்கிக்கொள்ள, போர்க்களம் தபால் ஆபீஸுக்கு மாறிற்று. பள்ளியில் விண்ணப்பம் எழுதுவதில் முதல் மதிப்பெண் வாங்கிய கை உமாவுடையது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று யானை, தேர், குதிரையை நிறுத்துவதுபோல் நிறுத்தினாள். காரணம் என்ற இடத்தில் படை திகைத்து நின்றது.

"ஒடம்பு சரியில்லன்னு போடுங்கக்கா."

"என்ன ஒடம்புன்னு கேப்பாவ."

"பஸ் வரலன்னு?"

"வந்து கையெழுத்துப் போட்டிருக்கோம்லா ஏட்டி."

நெடுநேரம் பேனாவைக் கடித்திருந்த உமா, பிறகு நிறுத்தாமல் எழுதினாள்:

"ஐயா, நாங்கள் எதிரெதிர் வீட்டுக்காரர்கள். ஒருவரையொருவர் கண்ட வெட்கத்தில் சர்க்கரை வரிசையில் போய் நின்றுவிட்டோம். எங்கள் இருவருக்கும் சர்க்கரை இல்லை. அதன் சீட்டு இணைத்துள்ளோம். பிள்ளையும் இல்லை. எங்கள் முறையைத் திருப்பித் தரும்படி வேண்டுகிறோம்."

உலகம்மை அதை இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி, முதல் ஆளாகக் கையெழுத்திட்டாள்.

கோட்டைக் கதவைச் சாத்தித் தாழிடும் தளபதியென, பசை தடவிய உறையின் வாயை உமா மடித்தழுத்த, அம்மடிப்பின் மேல் உலகம்மை தன் உள்ளங்கையை முரசுபோல் அறைய, முத்திரை இடியென விழ, ஈரேழு உலகும் அதிர, இருபத்தாறு திங்களின் தவத்தைத் தன் வயிற்றில் சுமந்த அவ்வோலை தபால் பைக்குள் பாய்ந்து மறைய, இருவரும் ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்கள்.