நான் பூவை நிறுத்திய வருஷம்

அந்த வருஷம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இனி என் வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பூகூட மாதா கோயிலுக்குப் போகாது.

முடிவு சிறியதல்ல, எடுத்தவனும் சிறியவன் அல்ல. கும்மிடிப்பூண்டியில் எந்த ஆலை வாசலில் வேண்டுமானாலும் கேளுங்கள், செங்கல்வராயன் யாரென்று. நான் பள்ளிக்கூடத்தில் படித்ததை விடத் துண்டறிக்கையில் படித்தது அதிகம். பாதி ஜில்லாவைப் போலீஸ் வண்டியின் கம்பி வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். என்னோடு லாக்கப் தரையில் படுத்தவர்கள் இன்று லேபர் கான்டிராக்டர்கள். என்னைக் கண்டால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். எனக்கு மிச்சம் முழங்கால் வலியும் டிஸ்மிஸ் ஆர்டரும். கடைசியாக நடத்திய வேலைநிறுத்தங்கள் அத்தனையும் தோல்வி. சாவதற்குள் ஒன்றையாவது ஜெயித்துவிட வேண்டும். ஆலைதான் கையை விட்டுப் போயிற்று. வீடு இருந்தது.

என் மனைவி ஆரோக்கியமேரி. எங்களுடையது ரிஜிஸ்டர் கல்யாணம். அவள் என் கூட்டத்துக்கு வர மாட்டாள். நான் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். கோயில் ஜோடனை முழுவதும் அவள் பொறுப்பு. கிறிஸ்துமஸுக்குக் குடில், லூர்து மாதா திருநாளுக்கு வாழைமரம், சாதாரண நாளில் பீடத்துக்குப் பூ. சனிக்கிழமை சாயங்காலமானால் எங்கள் தோட்டத்துக் கனகாம்பரமும் சம்பங்கியும் கூடையில் ஏறி அவளோடு கிளம்பிவிடும். எனக்குக் காலையில் வடித்த சோறு. வேலையில் இருந்தவரை எனக்கு இது தெரியாது. வருஷம் பூராவும் ஏதாவது ஒரு போராட்டப் பந்தலில் இருப்பேன். வேலை போய் வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் சுரண்டல் இவ்வளவு அருகில் நடக்கிறது என்று புரிந்தது.

ஒரு புதன்கிழமை அவள் கோயிலிலிருந்து நெற்றியில் சாம்பலோடு வந்தாள். நான் விட்டுவிட்டு வந்த மதத்தில் இவள் எப்போது சேர்ந்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை. பேச்சுவார்த்தையில் கேள்வி கேட்பவன் பலவீனன். நேராகக் கோரிக்கையை வைத்தேன். பூ போகக் கூடாது, ஜோடனைக்கு அவளும் போகக் கூடாது, மீறினால் மறியல்.

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்து ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எது வரைக்கும்?"

"காலவரையற்ற போராட்டம்."

"அப்டி சொல்லிச் சொல்லித்தான் எல்லாத்துலயும் தோத்துக்கினு வந்த. ஒரு கெடு வையி."

"நீயே சொல்லு."

"ஈஸ்டருக்கு மொத நாள் வரைக்கும் ஒரு பூ போவாது. சாமியாரே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். ஆனா நீயும் கொஞ்சம் எறங்கி வரணும். அன்னிக்கு ஒரு நாள், கோயில் பூரா நீ தோரணம் கட்டணும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தோரணம் கட்டுவதில் பொன்னேரிக்கும் எளாவூருக்கும் நடுவில் என்னை மிஞ்ச ஆளில்லை. காற்றடித்தால் மேடை விழும், தலைவர் விழுவார், என் தோரணம் விழாது. கோயிலுக்குக் கட்டித் தரச் சொல்லி அவள் வருஷக்கணக்காகக் கேட்டு, நான் கொள்கை காரணமாக மறுத்து வந்தேன்.

கணக்குப் பார்த்தேன். அவள் விடுவது ஒன்றரை மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் விடுவது ஒரே நாள். எந்த முதலாளியும் எனக்கு இவ்வளவு இறங்கியதில்லை.

"பேச்சு மாறக் கூடாது மேரி."

"நான் மாற மாட்டேன்யா. நீ?"

"ஒப்பந்தத்த மீறுறவன் மொதலாளி. நான் தொழிலாளி."

பக்கத்து வீட்டுச் செண்பகத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். செண்பகம் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். மரியாதை என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து செடிகளுக்குக் காவல் நானே. ஆட்டை விரட்டினேன். போராட்டக் களம் வாடக் கூடாது என்று காலையும் மாலையும் தண்ணீர் இறைத்து ஊற்றினேன். சனிக்கிழமைகளில் சுடச்சுடச் சோறு கிடைத்தது. வெற்றியின் ருசியை அதுவரை நான் அறிந்ததில்லை. கொஞ்சம் உப்பு குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் டீக்கடை தேசப்பன் கோயிலுக்கு டீ கொண்டுபோய்விட்டு ஓடி வந்தான். பீடத்தில் ஒரு பூ இல்லையாம். சுரூபங்களையெல்லாம் தலைமுதல் கால்வரை ஊதாத் துணியால் மூடிவிட்டார்களாம்.

"இன்னா நைனா, உன் ஸ்ட்ரைக்குல சாமிங்கல்லாம் மூஞ்சிய மூடிக்கினாங்களே" என்றான்.

கறுப்புக்கொடி எனக்குத் தெரியும். ஊதாக்கொடியை அப்போதுதான் கேள்விப்பட்டேன். அந்த வாரமே ஆலை வாசல் கூட்டத்தில் ஏறிப் பேசிவிட்டேன். ஒரு தனிமனிதன், ஒரு கூடைப் பூவை நிறுத்தி, ஒரு கோயிலையே ஸ்தம்பிக்க வைத்த வரலாற்றை விளக்கினேன். கைதட்டல் அடங்கவில்லை. எல்லாரையும்விட அதிகமாகத் தட்டியவர்கள் கழுத்தில் ஜெபமாலை போட்ட தோழர்கள்தான். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வர்க்க உணர்வு மதத்தை வெல்லும் என்று நான் படித்தது பொய்யில்லை என்று அன்று நம்பினேன்.

ஈஸ்டருக்கு முதல் நாள், ஒப்பந்தப்படி ஏணியும் சணலும் மைதாப் பசையுமாகக் கோயிலுக்குள் நுழைந்தேன். ஜெயித்தவன் கொஞ்சம் பெருந்தன்மையாக இருக்கலாம். மோசமாகக் கட்டிவிட்டு வரத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை. வெள்ளையும் மஞ்சளுமாகக் காகிதம் ஏறியது. மத்தியானத்துக்குள் கோயில் மாநாட்டுப் பந்தல் மாதிரி ஆகிவிட்டது. கோயில்பிள்ளை ஜோசப் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணி அடிப்பதும் பெருக்குவதும் அவர் வேலை. மேலேயிருந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

"பாவம், இத்தினி நாளா பூவே இல்லாம உங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்திருக்கும்."

"இன்னா கஷ்டம்ணே? தவக்காலத்துல பீடத்துக்குப் பூ வைக்க மாட்டோமே. சுரூபத்த மூடுறதும் வருஷா வருஷம் உள்ளதுதான். விபூதிப் புதன்லேர்ந்து இன்னிய வரைக்கும் எங்களுக்கு ஜோடனையே கிடையாது."

ஏணியின் உச்சியில் மனிதனுக்கு உட்கார இடமில்லை என்பதை அன்று உணர்ந்தேன். ஆலை வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒவ்வொரு தோழனின் முகமும் வரிசையாக வந்து போயிற்று.

கீழே பார்த்தேன். ஆரோக்கியமேரியும் செண்பகமும் கூடை கூடையாகப் பூவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் நான் காவல் காத்துத் தண்ணீர் ஊற்றிய செடிகளின் பூ. எந்த வருஷமும் இப்படிப் பூத்ததில்லை என்று செண்பகம் வியந்துகொண்டிருந்தாள்.

"ஏன் மேரி, அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். என்னை அல்ல, தோரணத்தை.

"நல்லா கட்டிக்கிறய்யா. அடுத்த ஸ்ட்ரைக்க டிசம்பர்ல வையி. குடில் கட்ட ஆளு இல்ல."