டென்சில் இமயத்தின் மீது படையெடுத்த சருக்கம்

பனிமுடி தரித்த பருவதங்களே, பதினையாயிரம் அடி உயரத்தில் மூச்சுக்குக் காற்றுகூட அளந்து தரும் கருமிக் கணவாய்களே, செவி சாய்ப்பீராக. ஆஸ்டின் டவுன் நாலாம் சந்தின் நாயகர், நாற்சக்கரமும் உந்தும் ஜீப்பின் நாதர், மென்பொருள் நிறுவனமொன்றின் ஒன்பதாம் மாடியில் பதினான்கு ஆண்டுகள் அமர்ந்தவண்ணமே அருஞ்சமர் புரிந்த அஞ்சா நெஞ்சர், டென்சில் என்னும் திருப்பெயர் பூண்ட மாவீரர், வரும் ஜூன் மாதம் உங்கள் மீது படையெடுக்கத் திட்டமிடுகிறார். திட்டமிடுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை அவர் செய்தது அது ஒன்றுதான்.

அவருடைய போர்ப்புரவியைப் பாடாமல் மேலே செல்வது பாவம். வெள்ளத்தில் மூழ்கினாலும் மூச்சுவிடுவதற்கு மூக்குக்குழலும், சேற்றில் புதைந்தால் தன்னைத் தானே இழுத்துக்கொள்ள இரும்புக்கயிற்று உருளையும், நள்ளிருளை நண்பகலாக்கும் நான்கு நெற்றி விளக்குகளும் பூண்ட அந்த மணல்நிற ஜீப், பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்த நாள் முதலாக இரண்டு ஆண்டுகளில் கண்ட மிகக் கொடிய களம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் அடித்தளப் பார்க்கிங். அங்கேயும் ஒரு தூணில் லேசாக உரசியிருந்தது.

ஞாயிறுதோறும் இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தின் வேப்பமரத்தடியில் போரவை கூடியது. டென்சிலின் மனைவி பிரிஸில்லாவுக்கு மூத்த அண்ணனும் பள்ளியில் பூகோளம் நடத்துபவருமான கில்பர்ட் வலப்பக்கம் வீற்றிருந்தார். ஸ்ரீராம்புரத்திலிருந்து பைக்கில் வந்து, பூசை முடியும்வரை வெளியே காத்திருந்து, பிறகு மடிக்கணினியோடு உள்ளே வரும் அலுவலகத் தோழர் ராகேஷ் இடப்பக்கம் வீற்றிருந்தார். ஆபீஸில் எந்த வேலைக்கும் செய்வதுபோல இமயத்துக்கும் ஒரு ஷீட் போட்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கு வரிகள். வேலை, பொறுப்பாளர், கெடு, நிறம். நிலச்சரிவு, பனிப்புயல், பனிச்சிறுத்தை, வயிற்றுப்போக்கு என அறுபத்தொரு ஆபத்துகளைக் கண்டறிந்து ஒவ்வொன்றுக்கும் மாற்று எழுதிவைத்த அந்த மகாசாசனத்தில், கடைசி ஆபத்தாக 'ஓட்டுநர்' என்றும் ஒரு வரி இருந்தது. பொறுப்பாளர் டென்சில், நிறம் பச்சை. பச்சை அடித்தவரும் டென்சில்தான்.

இதற்கிடையே மூண்டது முன்னிருக்கைப் பெரும்போர். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒரே ஓர் ஆசனம், அதற்கு உரிமை கோரியவர் இருவர். "முழங்கால் தேய்ந்த ஒருவனைப் பின்னால் மடித்து வைத்து ஒன்பது நாள் கொண்டுபோவது மனிதச் செயல் அல்ல" என்று கில்பர்ட் வாட்ஸாப் குழுவில் பிரகடனம் செய்தார். "பின்னால் உட்கார்ந்தால் நான் வாந்தி எடுப்பேன் என்பதை இதன்மூலம் முன்கூட்டியே அறிவிக்கிறேன்" என்று ராகேஷ் எதிர்ப்பிரகடனம் விடுத்தார். ஏழு வாரம் நடந்தது அந்தச் சமர். எலும்பு மருத்துவரின் சீட்டும், ஊட்டி பஸ்ஸில் நிகழ்ந்த ஒரு பழைய அசம்பாவிதத்தின் புகைப்படமும் ஆயுதங்களாகப் பிரயோகிக்கப்பட்டன. புகைப்படத்தை யாரும் இரண்டாம் முறை திறக்கவில்லை.

அப்போதுதான் பிரிஸில்லா வாய் திறந்தார்.

"உங்களுக்கு இருக்கறதே பத்து நாள் லீவு. போன வருஷ மழைக்கு ஊறின செவுரு இன்னும் உரிஞ்சு தொங்குது. பக்கத்துல எங்கியாவது ஒரு குன்னு ஏறிக் காட்டுங்க. ஏறிட்டா லீவு உங்களுது. ஏறலன்னா பெயிண்ட் அடிங்க."

பத்து நாள் விடுப்பு எனும் பெருநிதி இவ்வாறு பந்தயத்தில் வைக்கப்பட்டது. டென்சில் புன்முறுவல் பூத்து, "குன்று என்ன குன்று, குறித்துக்கொள்" என்றார். ராகேஷ் ஷீட்டில் குறித்துக்கொண்டார்.

மே மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், சந்தாபுராவைத் தாண்டி ஆனேக்கல் பக்கம் நிற்கும் ஒரு மொட்டைக் குன்றை நோக்கிப் படை புறப்பட்டது. புறப்படும் வேளையில் பிரிஸில்லா எலுமிச்சைச் சாதத் தூக்கோடு வந்து, முன்கதவைத் திறந்து, முன்னிருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஏழு வாரப் போரின் இரு பெரும் தளபதிகளும் பின்னால் மடங்கி ஏறினார்கள்.

குன்றின் உயரம் முந்நூறு அடி. உச்சியில் சின்னதாக ஒரு கோயில். ஆனாலும் திட்டம் திட்டம்தான். உயரத்துக்கு உடலைப் பழக்குவதற்காக நூறடிக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது எண்பத்தெட்டாம் வரி. எனவே முதல் நூறடியில் படை நின்றது. நால்வரும் விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கருவியை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, எண்களைப் பார்த்தார்கள். ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரி கீழ இருக்குதுங்க" என்று வழி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் நூறடியைத் தாண்டியதும் பாதை வளைந்தது. இடப்பக்கம் பாறை. வலப்பக்கம் கைவிடப்பட்ட கல்குவாரி, செங்குத்தாக இறங்கி, அடியில் பச்சைத் தண்ணீர். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். டென்சில் ஒருமுறை கீழே பார்த்தார். ஜீப் நின்றது.

வீரத்தைப் பாட வந்த வாய்தான், ஆனால் உண்மையை மறைக்க முடியாது. அவருக்கு உயரம் என்றால் பயம். சிறு வயதிலிருந்தே பயம். ஒன்பதாம் மாடியில் கண்ணாடி ஓரத்து இடம் கிடைத்தபோது கண் கூசுகிறது என்று சொல்லி உள்ளே மாற்றிக்கொண்டவர். ஷீட்டில் ஒவ்வொரு வரிக்கும் பச்சை அடிக்க அடிக்க, தனக்குள் இருப்பதும் எப்படியோ பச்சையாகிவிடும் என்று மனதார நம்பியிருந்தார் பாவம். மலைக்குப் போகிற ஆளாக இருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை அவருக்கு.

பின்னாலிருந்து ஹாரன் கேட்டது. தண்ணீர் கேன்கள் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று. ஓட்டி வந்த கோவிந்தப்பா இறங்கி வந்தார்.

"சார், ஸ்வல்ப சைடு கொடுங்க. மேல பூசாரி போன் மேல போன் போடுறாரு. டெய்லி இந்த டைம்முக்குப் போயிடுவேன்."

டென்சிலின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாப்ளே, இது ஷீட்ல இல்லயே" என்றார் கில்பர்ட்.

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிரிஸில்லா சிரிப்பை நிறுத்தினார். தான் முதலில் இறங்கி, கையை நீட்டினார். "என்னங்க, என்னப் பாருங்க. அந்தப் பக்கம் பாக்காதீங்க. இப்படியே நகந்து இந்தப் பக்கமா இறங்குங்க." கியர்க் கம்பியைத் தாண்டி, தூக்குப் பாத்திரத்தைத் தட்டிவிட்டு, எலுமிச்சைச் சாதத்தின் மேல் ஒரு காலை ஊன்றி, மாவீரர் மனைவியின் கையைப் பிடித்து மண்ணில் இறங்கினார். தளபதிகள் இருவரும் சேர்ந்து இறங்கிவிட்டார்கள்.

கோவிந்தப்பா தன் ஆட்டோவைப் பின்னால் எடுத்து ஓரம் கட்டிவிட்டு, ரப்பர் செருப்போடு ஜீப்பில் ஏறி, ஒரு கையில் ஸ்டியரிங்கும் மறுகையில் செல்போனுமாக, "வந்துட்டேன் சாமி, வந்துட்டேன்" என்று பூசாரிக்குச் சொல்லியபடியே அதைப் பின்னோக்கி இறக்கி, அகலமான இடத்தில் நிறுத்தினார். ஆகமொத்தம் மூன்று நிமிடம். பிறகு இருபது கேன்களோடு ஆட்டோவை மேலே கொண்டுபோனார்.

போர்முரசு அதிர, பனிமலைச் சிகரத்தில் புலிக்கொடியொத்த ஒரு கொடி பறக்க, வென்ற வேந்தரின் மெய்க்கீர்த்தியைக் கல்லில் பொறித்து முடிக்க வேண்டிய இடம் இது, அதற்கான அடைமொழிகளும் என் கைவசம் இன்னும் ஏராளமாக மிச்சம் இருக்கின்றன. ஜூன் மாதம் டென்சில் பத்து நாள் லீவு போட்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தார், ஏணி வேண்டிய இடத்துக்கு மட்டும் ஆள் வைத்தார்கள்.