நான் தரையிறக்கிய நாய்

ரஷ்யாக்காரர்களால் முடியாத ஒன்றை நான் செய்திருக்கிறேன். அவர்கள் விண்வெளிக்கு அனுப்பிய லைக்கா என்ற நாயை, ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் சமையலறையில் நின்றபடி பத்திரமாகத் தரையிறக்கினேன். (பாராசூட்டுக்கு என் மனைவியின் முந்தானை உதவியது.)

ஐம்பத்தேழாம் வருஷம். திருமணமாகி ஆறு மாதம். நான் சயன்ஸ் வாத்தியார். எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்பியவர்கள் இரண்டே பேர், நானும் ஸ்டெல்லாவும். நாய் மேலே போன செய்தியை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"அதுக்கு யாருங்க தண்ணி வைப்பாங்க?"

நாய் திரும்பி வர வழியே செய்யவில்லை என்று நான் பத்திரிகையில் பார்த்த அன்று, சமையலறையில் அவள் முந்தானையால் கண்ணைத் துடைப்பதற்குப் பயந்து, "இறங்கிடுச்சு ஸ்டெல்லா. பிஸ்கட் தின்னுதாம்" என்றேன். (பிஸ்கட் என் சொந்தச் சரக்கு.)

அவள் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு பூசையில் உபதேசியார் நன்றி வேண்டுதல்களை வாசித்தார்: "நெடும்பயணம் போய்ப் பத்திரமாகத் திரும்பிய லைக்காவுக்காக, ஸ்டெல்லா குடும்பத்தார்." (கண்டோன்மெண்ட்டில் இதைவிட விசித்திரமான பெயர்கள் உண்டு.)

மாதா கோவில் வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "லைக்கா யாரும்மா, உன் நாத்தனாரா?"

"நாய்தான்க்கா. ரஷ்யாவுல மேல அனுப்புனாங்களே, அது. இறங்கிடுச்சுன்னு இவருதான் சொன்னாரு."

பக்கத்து வீட்டுத் தபால் குமாஸ்தா சிரித்தார். "எந்தப் பேப்பர்ல மாஸ்டர்? மேலயே செத்துப்போச்சுன்னுல்ல போட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்; அதுதான் பொய்யைவிடப் பெரிய பாவம். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போது ஸ்டெல்லா சொன்னாள்: "செத்துச்சுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன். அவ்வளவுதானே?"

அதன்பின் நான் எதைச் சொன்னாலும், பஸ் வந்துவிடும் என்றாலும் மழை வராது என்றாலும், வீட்டில் ஒரே கேள்விதான்: "நாய் இறங்கிடுச்சா?" பிள்ளைகள் அவளிடம் கற்றார்கள், பேரப்பிள்ளைகள் இன்றும் கேட்கிறார்கள்.

லைக்கா ஒரு வாரம் உயிரோடிருந்தது, வலியில்லாமல் தூங்கிப்போனது என்றெல்லாம் ரஷ்யாக்காரர்கள் அப்போது சொன்னதும் கதைதானாம். ஏறிய சில மணி நேரத்திலேயே சூட்டில் இறந்துவிட்டது என்று பல வருஷம் கழித்துச் செய்தி வந்தது. என்னைவிடப் பெரிய புளுகர்கள் இருந்திருக்கிறார்கள். சொல்லிச் சிரிக்க அப்போது ஸ்டெல்லா இல்லை.

அவள் கடைசியாக அந்தக் கேள்வியைக் கேட்டது ஆஸ்பத்திரியில். டாக்டர் அறையிலிருந்து வந்து, "ஒண்ணுமில்லையாம், அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றேன். என் முகத்தையே பார்த்தாள்.

"நாய் இறங்கிடுச்சாங்க?"

"இறங்கிடுச்சு" என்றேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள். அவ்வளவுதான். இரண்டு பேருமாக அழுதிருக்கலாம்.