ஆறு மணிப் பலகாரம்

அமீர் ஹம்சாவின் முன்னே எண்ணெயில் பொரித்த இனிப்புக் கச்சாயம் சூடாக இருந்தது. மணி ஆறு. எட்டு மணிவரை அவர் எதையும் உண்ணலாகாது.

அவருடைய இரத்தப் புற்றுநோயை ஐந்தாண்டுகளாக அடக்கிவந்த மாத்திரை கேட்காமல் போனது. கெட்ட அணுக்களைக் குறிபார்த்துத் தாக்கும் வேறொன்றை மருத்துவர் அன்றுதான் தொடங்கியிருந்தார்.

"காலையில ஏழு, சாயங்காலம் ஏழு. முன்னால ரெண்டு மணி நேரம், பின்னால ஒரு மணி நேரம் வயிறு காலியா இருக்கோணும். இதுவும் கேக்கலீன்னா அப்புறம் வழி கம்மிங்க."

போத்தனூர் வீட்டில், மனைவி மறைந்தபின் அவர் தனியர். நோயைப் பற்றி எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஒருமுறை பரிதாபப்பட வருவார்கள், பிறகு வரமாட்டார்கள். நாள் முழுதும் அங்கே கேட்கும் ஒரே குரல் பக்கத்து வீட்டு ராசாத்தாளுடையது. மூன்று மாதமாக ஆறு மணிக்குப் பலகாரத்தோடு வருவாள். அவர் உண்டு முடிக்கும்வரை எதிரிலேயே அமர்ந்திருப்பாள்.

"ஏனுங்க பாய், ஆறிப்போகுதுங்க. தின்னுங்க."

"இன்னிக்கு நோன்புங்க அம்மணி."

"அப்படிங்களா? நோன்பு தொறக்க இன்னும் அரை மணி நேரந்தானுங்களே. இருக்கறனுங்க."

இருந்தாள். தொழுகைக்குப் போவதாகக் கூறி அவர் தப்பினார்.

மறுநாள், "வயித்துல புண்ணுங்க, எண்ணெய்ப் பலகாரம் ஆகாது" என்றார். அதற்கு மறுநாள் ராகிக்களி வந்தது.

"மருமக எண்ணெயே சேக்காம கிண்டியிருக்கறாளுங்க. வயித்துக்குக் குளுமை."

அன்று செருப்பைக்கூட மாட்டாமல் பின்வாசல் வழியே ஓடினார்.

நான்காம் நாள் கதவைத் தாழிட்டு மூச்சடக்கி உட்கார்ந்தார். ராசாத்தாள் இருமுறை அழைத்துப் பார்த்தாள். பத்தே நிமிடத்தில் தெரு கூடியது, தாழ்ப்பாள் பெயர்ந்தது. மயக்கமென்று எண்ணி நான்கு பேர் பிடித்துக்கொள்ள, ஐந்தாமவர் ஒரு சொம்புச் சர்க்கரைத் தண்ணீரை அவர் வாயில் ஊற்றினார்.

அன்று மாலை மாத்திரையை விழுங்க அவருக்குத் துணிவு வரவில்லை.

காலையில் மருத்துவமனைக்கு ஓடி, செவிலி பூஜிதாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

"ஒரு வேளை தவறினதுக்குப் பயப்படாதீங்க. டாக்டர்கிட்டச் சொல்லிக்கலாம்."

"அந்தம்மணி வராம இருக்கவும் வேண்டாம், நான் திங்கவும் வேண்டாம். மத்தவீங்க எப்படிங்க சமாளிக்கறாங்க?"

பூஜிதா பேனாவால் கடைசி இருக்கையைக் காட்டினாள். மருந்துச்சீட்டை மடியில் மறைத்துக்கொண்டு அங்கே அமர்ந்திருந்தவள் ராசாத்தாள்.

"அந்தம்மாவுக்கும் இதே மாத்திரைதானுங்க. ஊட்டுல சொல்லாம, மருமக குடுக்கற பலகாரத்தப் பக்கத்து ஊட்டுப் பாயைத் திங்க வெச்சு, அவர் திங்கறதைப் பார்த்தே பசியாறிக்குவாங்களாம்."