தறி நின்ற காலை

“தறியை நிறுத்துங்கடா!”

வெங்கடபதி போட்ட சத்தத்தில் தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. சூலூரில் அவர் குரலுக்குத் தறிச் சத்தமே கொஞ்சம் பயப்படும்.

உள்ளறையில் பாயில் சம்மணம் போட்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான் மகன் சசிதர். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். பரீட்சை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கிறது, அதற்குக் காலேஜில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முந்தின நாள்தான் சொன்னான். கேட்டதிலிருந்து வெங்கடபதிக்குத் தூக்கமில்லை. ஒரே பையன். பயத்தில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

“ஏனுங்க, தறிச் சத்தத்துலயே வளந்த பையனுங்க. இப்ப எதுக்கு நிறுத்திப்போட்டீங்க?” என்றாள் மனைவி ராமாமணி.

“மூச்சு உடறவனுக்கு அமைதி வேணுமில்ல? கம்முனு இரு!” என்று தெருமுனை வரை கேட்கும்படி கத்தினார்.

கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் அந்தத் தெருவில் ஒரே அர்த்தம்தான். பக்கத்துத் தறிக்காரர் வரதராஜுலு ரோஜா மாலையோடு வந்து நின்றார்.

“யாருங்க போனது?”

“ஒருத்தரும் போகலீங்க! என்ற பையன் மூச்சு உட்டுட்டிருக்கறானுங்க!”

“அய்யோ! இன்னும் இழுத்துட்டுத்தான் கெடக்குதா?”

அவ்வளவுதான். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரோ ஒரு அம்பாசடர் காரைக் கூட்டி வந்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்தார்கள். விளக்கம் சொல்லச் சொல்ல வெங்கடபதிக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, மூச்சு வாங்கியது.

“ஒண்ணுமில்லீங்க! இந்தா, இப்படித்தானுங்க, பாருங்க!” என்று மகன் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“அப்பனுக்கும் ஆயிப்போச்சுங்களே!” என்று வெளியே ஒரு குரல் கேட்டது.

எழுந்து நாலு வார்த்தை திட்டலாம் என்று பார்த்தார். சசிதர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மெதுவா இழுங்கப்பா. இன்னும் மெதுவா உடுங்க.”

பையன் கை சின்ன வயசில் இருந்த மாதிரியே வெதுவெதுப்பாக இருந்தது. வெங்கடபதி எழவில்லை. கூட்டம் அலுத்துப்போய்க் கலைந்தது.

அன்றிலிருந்து தறி ஓடட்டும் என்று விட்டுவிட்டு, தினமும் காலையில் மகனோடு உட்கார்ந்தார். அவன் தனியாகப் பயப்படக் கூடாதல்லவா? நாளாக ஆக வீட்டில் அவர் சத்தம் குறைந்தது. தறி ஓட்டும் மாசாணம், முதலாளிக்கு உடம்பு சரியில்லையோ என்று ராமாமணியிடம் ரகசியமாக விசாரித்தான்.

பரீட்சை முடிந்து ஒருநாள், சசிதரின் காலேஜ் சிநேகிதன் ஆசிப் வீட்டுக்கு வந்தான். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு வெங்கடபதி மெல்லக் கேட்டார்.

“ஏங்கண்ணு, சசிக்கு அந்தப் பயமெல்லாம் இப்பப் போயிருச்சா?”

“சசிக்குப் பயமா? பரீட்சைக்கு முந்தின நாள்கூட கொறட்டை உட்டுத் தூங்கறவனுங்க அவன். ‘அப்பாவுக்குத்தான் பிரஷரு, டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு, எனக்குன்னு சொன்னாத்தான் வந்து உக்காருவாரு’ன்னு சொல்லித்தானுங்க அந்த வகுப்புலயே சேந்தான்.”